பனியில் கார் ஓட்டப் பழகுவது: டொரன்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் பத்து வருடம் கார் ஓட்டியிருப்பீர்கள். சென்னை நெரிசலில் பழகிய கைக்கு எந்தச் சாலையும் ஒரு பொருட்டில்லை என்ற தைரியம் இருக்கும். இங்கே வந்து உரிமமும் வாங்கியாயிற்று. டிசம்பரில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் தெரு முழுக்க வெள்ளை. அன்றைக்கு, இத்தனை வருடம் பழகிய கால் பழக்கத்தில் பாதி உதவாது.

என் முதல் பனிநாள் ஸ்கார்பரோவில். பழைய கரோலா. சிக்னலுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது, எப்போதும் போலப் பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் பெடல் தடதடவென்று உதைத்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். கார் சத்தமே இல்லாமல் நிறுத்தக் கோட்டைத் தாண்டி, சந்திப்பின் நடுவில் போய் நின்றது. நல்லவேளை, குறுக்கே யாரும் வரவில்லை. உடைந்தது எதுவும் இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கருவி வேலை செய்யும்போது பெடல் அப்படித்தான் துடிக்கும். காலை எடுக்காமல் இருந்திருந்தால் முன்பே நின்றிருக்கும். இதை யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்று மனது அடித்துக்கொண்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு பதினான்கு பனிக்காலம் போயிருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் கார், பின்சக்கரம் தள்ளும் கார், பிக்கப், எஸ்யூவி, இப்போது மின்சாரக் கார் என்று பலதும் பனியில் ஓட்டிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஆனால் எந்தக் காரும் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வழுக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், என்ஜின் சத்தம் கூடும் ஆனால் வேகம் கூடாது, டாஷ்போர்டில் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மின்னும். இதைக் கவனிக்கப் பழகிய நாளிலிருந்து எனக்குப் பனியில் ஓட்டுவது பிடித்துப்போயிற்று. புதுப் பனி விழுந்த இரவில், யாரும் போகாத தெருவில் முதல் தடம் நம்முடையதாக இருக்கும்போது ஒரு நிசப்தம் இருக்கும். டயர் சத்தம்கூடப் பஞ்சில் உருளுவது போலத்தான் கேட்கும். அந்தச் சந்தோஷம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

முதலில் டயர்

மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். என்ன கார் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் வின்ட்டர் டயருக்குப் பணம் ஒதுக்குங்கள், மிச்சத்தில் கார் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனதும் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையைப் பிடிக்காது. வின்ட்டர் டயரின் ரப்பர் கடும் குளிரிலும் மிருதுவாகவே இருக்கும். அதன் மேல்பகுதியைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியைக் கவ்வுவது அந்த வெட்டுகள்தான். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்னம், பனியில் சோதித்துத் தேறிய டயர் என்பதற்கு அடையாளம்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ட்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரியிலிருந்து, வின்ட்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாக வேண்டும். பலர் கேட்பதில்லை, அதனால் கிடைப்பதுமில்லை. டயர் மாற்றிய ரசீதோடு போன் செய்து கேளுங்கள்.

நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். காசை மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டு மட்டும் போட்டால், முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக் வைத்ததும் பின்புறம் முன்னால் வரப் பார்க்கும். பழைய டயர் வாங்குவதானால் கட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். ரிம்மோடு சேர்த்து ஒரு செட் வாங்கிவிட்டால், வருடா வருடம் கழற்றி மாட்டும் செலவு குறையும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், பல டயர் கடைகளில் கட்டணத்துக்கு வைத்துக்கொள்வார்கள். முதல் பனி விழுந்த அன்று எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள். நவம்பர் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். மாற்றிய பிறகு 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காற்றழுத்தமும் குளிரில் இறங்கும். ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறையும். அக்டோபரில் சரியாக இருந்த டயர் ஜனவரியில் தளர்ந்திருக்கும். மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

கிளம்புமுன் பத்து நிமிடம்

கார் முழுவதையும் துடையுங்கள். முன்கண்ணாடியில் முகம் அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் சுரண்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். எல்லாக் கண்ணாடியும், பக்கக் கண்ணாடிகளும், முன்விளக்கும் பின்விளக்கும், கேமராவும் சுத்தமாக வேண்டும். மேற்கூரையையும் விடாதீர்கள். உள்ளே சூடேறியதும் கூரைப் பனியின் அடிப்பகுதி இளகும். முதல் பிரேக்கில் மொத்தமும் சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும். ஹைவேயில் அது கட்டியாகப் பறந்து பின்னால் வருகிறவர் மேல் விழும்.

கண்ணாடியில் ஐஸ் பிடித்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். உள்ளே ஆவி படிந்தால் ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். குளிரில் எதற்கு ஏசி என்று தோன்றும். அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். கண்ணாடி கழுவும் நீர் மைனஸ் 40 வரை உறையாதது என்று எழுதியதாக இருக்கட்டும்.

அப்புறம், காரில் ஏறியதும் பூட்ஸை ஒன்றோடொன்று தட்டிப் பனியை உதறிவிட்டுக் காலை உள்ளே வையுங்கள். ஈரமான அடிப்பகுதி பெடலிலிருந்து வழுக்கும். குழந்தை இருக்கையில் பிள்ளையை உட்கார வைக்கும்போது தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பெல்ட் போட்டு, மேலே போர்வையோ அதே ஜாக்கெட்டோ போர்த்துங்கள். ஜாக்கெட்டோடு கட்டினால் பெல்ட் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். மோதும்போது உள்ளிருக்கும் பஞ்சு அமுங்கி, பெல்ட் தளர்ந்துவிடும். இதைப் பல பெற்றோர்கள் அறியாமல் செய்கிறார்கள்.

முன்விளக்கைக் கையால் போடுங்கள். பகலில் தானாக எரியும் விளக்கை நம்பினால், பழைய கார்களில் முன்னால் மட்டும்தான் எரியும். பனி பறக்கும்போது பின்விளக்கு எரியாத கார் பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆளில்லாத இடத்தில் அரை மணி நேரம்

எனக்குப் பனியில் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். குளிர்காலத்தில் கடை வளாகங்களில் பனி வாரும் ஒப்பந்த வேலை செய்தவர். அந்தச் சந்திப்பில் நான் வழுக்கியதைக் கேட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை அதிகாலை, தான் பனி வாருகிற இடத்துக்கே, அந்த வளாகக்காரரிடம் சொல்லிவிட்டு, என்னை வரச் சொன்னார். பனி இன்னும் வாராமல் கிடந்தது. விளக்குக் கம்பங்களிலிருந்து தள்ளி நடுவில் காரை நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, முப்பதில வாங்கோ. நான் கையைக் காட்டினதும் பிரேக்கை நல்லா அமத்துங்கோ. அது உதைக்கும், விடாதேங்கோ.”

அமர்த்தினேன். உதைத்தது. விடவில்லை. கார் நின்றது. கண்ணாடியை இறக்கி, “பார்த்தீங்களே, நிண்டுட்டுது” என்றார். அப்படிப் பத்துத் தடவை செய்தோம். பத்தாவது தடவையில் அந்தத் தடதடப்பு எனக்கு ஒரு துணை போல ஆகிவிட்டது.

நீங்களும் இதைச் செய்யுங்கள். இடத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதியோடு, ஆளும் காரும் இல்லாத நேரத்தில், குறைந்த வேகத்தில். முதலில் நேர்கோட்டில் பிரேக். எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று இறங்கித் தடத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். அடுத்து, பிரேக்கை அழுத்தியபடியே ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி, அங்கே ஒரு அட்டைப்பெட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டு விலகிப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. அதனால்தான் பிரேக் போட்டபடியே திருப்ப முடிகிறது. மூன்றாவதாக, நின்ற நிலையிலிருந்து புறப்படுவது. ஆக்சிலரேட்டரின் அடியில் ஒரு முட்டை இருப்பதாக எண்ணிக் காலை வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வண்டியைச் சுழற்றி விளையாடும் ஆசை வரும். திருப்பும்போது வேண்டுமென்றே டயரை வழுக்கவிடுவது ஒன்டாரியோவில் ஸ்டண்ட் டிரைவிங் என்ற குற்றம். பார்க்கிங் இடத்துக்கும் அது பொருந்தும். பிடிபட்டால் அந்த இடத்திலேயே உரிமம் 30 நாள் முடங்கும், கார் 14 நாள் பறிமுதலாகும். வழுக்கலை முழுதாக அனுபவித்துக் கற்க வேண்டுமென்றால் மூடிய தடத்தில் நடக்கும் குளிர்கால ஓட்டுநர் வகுப்புக்குப் போங்கள். ஒரு நாள் செலவுதான், வாழ்நாள் பாடம். மிண்டனில் குளிர்காலத்தில் ஐஸ் தடத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். ஒரு தடவை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். சாதாரணச் சின்னக் கார்கள் வெறும் ஐஸில் எப்படி வளைகின்றன என்று பார்த்தாலே நிறைய விளங்கும்.

பிடிமானம் என்பது கைக்காசு

அண்ணை சொன்ன கணக்கு இது. டயரின் பிடிமானம் பையில் இருக்கும் காசு மாதிரி. காய்ந்த சாலையில் நூறு ரூபாய் இருந்தால், அமுங்கிய பனியில் முப்பதுதான், ஐஸில் பத்து. பிரேக்குக்கும் அதிலிருந்துதான், திருப்புவதற்கும் அதிலிருந்துதான், வேகம் கூட்டவும் அதிலிருந்துதான். பிரேக்குக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் திருப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். பிரேக்கை விட்டுவிட்டுத் திருப்புங்கள். சக்கரம் நேரானபின் வேகம் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை.

மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது பிரேக் பிடித்தால் காய்ந்த தார்ச்சாலையில் சுமார் 14 மீட்டரில் நிற்கும். அமுங்கிய பனியில் 50 மீட்டர் ஆகலாம். ஐஸில் 100 மீட்டரும் தாண்டலாம். நாம் ஆபத்தைப் பார்த்துக் காலை எடுத்து வைப்பதற்குள்ளேயே இருபது மீட்டர் போய்விடும், அது தனி. எனவே முன்னால் போகும் கார் ஒரு கம்பத்தைத் தாண்டிய பிறகு நாம் அதே கம்பத்தை அடைய ஆறு விநாடியாவது ஆக வேண்டும். ஐஸ் என்றால் பத்து. அந்த இடைவெளியில் யாராவது புகுந்தால் போகட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள்.

உங்கள் கார் எந்த ரகம்

சிவிக், கரோலா மாதிரி முன்சக்கரக் கார்தான் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் வாங்குவது. பனிக்கு அது நல்ல தோழன். என்ஜினின் பாரம் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே இருப்பதால் நன்றாகப் பிடிக்கும். அதன் குணம் என்னவென்றால், வளைவில் வேகம் கூடிவிட்டால் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகும். கை தானாகவே இன்னும் திருப்பும், அது தப்பு. ஆக்சிலரேட்டரை விடுங்கள், திருப்பியதில் கொஞ்சத்தைத் திரும்பக் கொடுங்கள், ஒரு விநாடி பொறுங்கள். டயர் பிடித்ததும் மூக்கு உள்ளே வரும். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாய்வதால் முன்சக்கரம் சுழலப் பார்க்கும். அதனால் அடியிலிருந்தே சீரான வேகத்தில் வாருங்கள், நடுமேட்டில் நிற்காதீர்கள்.

பின்சக்கரக் காரை நான் மிகவும் விரும்பி ஓட்டியிருக்கிறேன். ஒரு நண்பரின் பழைய செடான், இரண்டு பனிக்காலம் என்னிடம் இருந்தது. நல்ல வின்ட்டர் டயர் போட்டால் அது எல்லோரும் பயமுறுத்துகிற அளவுக்கு மோசமில்லை. ஆனால் புறப்படும்போதும் வளைவிலும் காலை அவசரப்பட்டு அழுத்தினால் பின்புறம் பக்கவாட்டில் நழுவும். அது முதலில் இடுப்பில்தான் தெரியும், ஏதோ நாற்காலியை யாரோ மெல்ல இழுப்பது போல. அப்போதே காலைத் தளர்த்தினால் சரியாகிவிடும். முகம், கை, இடுப்பு மூன்றும் விழித்திருக்கச் செய்யும் கார் அது. முதல் பனிக்காலத்துக்கு அது வேண்டாம். மூன்றாவதுக்கு ஓட்டிப் பாருங்கள்.

பிக்கப்பும் பெரும்பாலும் பின்சக்கரம்தான், கூடவே பின்தட்டு வெறுமையாக இருப்பதால் பாரமே இருக்காது. பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டை நாலைந்து வைத்து, நகராமல் கட்டிவிடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் மாற்றும் திருகு இருந்தால் பனியில் போடுங்கள். தேவைப்படும்போது மட்டும் மாற்றிக்கொள்ளும் பழைய முறை என்றால், காய்ந்த சாலை வந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கெட்டுப்போகும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதை வாங்கிவிட்டால் பனியை வென்றுவிட்டதாக நினைக்கிறார்கள். சிக்னலில் பச்சை விழுந்ததும் மற்றவர்கள் சக்கரம் சுழற்றிக்கொண்டிருக்க, இது சாதாரண நாள் போலக் கிளம்பிவிடும். அதுதான் ஆபத்து. சாலை வழுக்குகிறது என்ற செய்தி உங்கள் காலுக்கு வந்து சேர்வதே இல்லை. எண்பதில் போய்க்கொண்டிருப்பீர்கள், பிரேக்கைத் தொடும்போதுதான் தெரியும். எல்லாக் காருக்கும் பிரேக் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. நிறுத்தும் விஷயத்தில் ஆல் வீல் டிரைவுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. வின்ட்டர் டயர் போட்ட சின்னக் கரோலா, ஆல் சீசன் டயரில் ஓடும் பெரிய எஸ்யூவியை விடக் குறைந்த தூரத்தில் நிற்கும். சுபாரு கார்கள் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும்; மற்றப் பல கிராஸ்ஓவர்களில் முன்சக்கரம் வழுக்கிய பிறகுதான் பின்சக்கரம் சேர்ந்துகொள்ளும். எதுவானாலும், எஸ்யூவி ஓட்டும்போது ஆளில்லாத இடத்தில் அவ்வப்போது பிரேக்கை லேசாகத் தொட்டுச் சாலையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரக் காருக்குத் தனிப் பாடம். பெடலிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் தானாக வேகத்தை இழுத்துப் பிடிக்கும். காய்ந்த சாலையில் சுகம். ஐஸில், காலைச் சட்டென்று எடுத்தால் இழுக்கும் சக்கரங்கள் மட்டும் பிரேக் போட்டது போலாகிவிடும். பின்சக்கரக் கார் என்றால் பின்புறம் நழுவக்கூடும். காரின் செட்டிங்கில் இந்தப் பிடிப்பைக் குறைத்து வையுங்கள், காலை மெல்ல மெல்ல எடுங்கள். பேட்டரி அடியில் இருப்பதால் காரின் பாரம் தாழ்வாகவும் சமமாகவும் இருக்கும், வளைவில் அசையாமல் நிற்கும். ஆனால் கனம் அதிகம். தூரமும் குறையும்: 2025 பிப்ரவரியில் கனடிய வாகன ஓட்டுநர் சங்கமான சிஏஏ, ஒட்டாவாவிலிருந்து மோன் ட்ரெம்ப்ளான் நோக்கி 14 மின்சாரக் கார்களை மைனஸ் 7க்கும் மைனஸ் 15க்கும் இடைப்பட்ட குளிரில் ஓட்டிப் பார்த்தது. நிறுவனங்கள் சொல்லும் தூரத்தில் 14 முதல் 39 விழுக்காடு வரை குறைந்தது. வீட்டில் சார்ஜரில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

எந்தக் காரானாலும், வேகத்தைத் தானாகவே ஒரே சீராக வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலைப் பனியில் போடவே கூடாது. கியர் கார் வைத்திருப்பவர்கள் இரண்டாம் கியரில் புறப்படுங்கள். 2011 செப்டம்பருக்குப் பிறகு கனடாவில் விற்பனைக்குத் தயாரான கார்களில், வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிடித்துக் காரை நேராக்கும் கருவி கட்டாயம். பழைய கார் வாங்குவதானால் இந்த வருடத்தை மனதில் வையுங்கள்.

சாலையில் எங்கே கவனம்

மைனஸ் 20இல் வழுக்கல் அதிகம் என்று நினைப்போம். உண்மையில் பூஜ்ஜியத்தை ஒட்டிய நாள்தான் மோசம். ஐஸின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும், எதுவும் பிடிக்காது. பகலில் உருகி மாலையில் மறுபடி உறையும் நேரத்தில், தார்ச்சாலை வெறும் ஈரம் போலக் கறுப்பாக மின்னும். அதுதான் பிளாக் ஐஸ். முன்னால் போகும் காரின் டயர் தண்ணீர் தெறிக்கிறதா என்று பாருங்கள். சாலை ஈரமாகத் தெரிந்து, தண்ணீர் தெறிக்கவில்லையென்றால் அது ஐஸ். பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று போவதால் அவை முதலில் உறையும். ஹைவே இறங்கும் வளைபாதைகளும் அப்படியே. உப்பு போட்டிருக்கிறார்களே என்று நம்பவும் வேண்டாம். மைனஸ் 10ஐத் தாண்டிக் குளிர் ஏற ஏற உப்பின் வேலை குறைந்துகொண்டே போகும்.

401ஆம் ஹைவேயில் நீல விளக்கு மின்ன, பனி வாரும் லாரிகள் படிக்கட்டு போலச் சாய்வாக அணிவகுத்துப் போகும். அவற்றுக்கு நடுவே புகுந்து முந்தாதீர்கள். பின்னாலேயே வாருங்கள், இருப்பதிலேயே நல்ல சாலை உங்களுக்குத்தான் கிடைக்கும்.

வழுக்கிவிட்டால்

கார் பக்கவாட்டில் நழுவினால் கால்களைத் தளர்த்துங்கள். கண்ணைப் போக வேண்டிய இடத்தில் வையுங்கள். அண்ணை இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: “கம்பத்தைப் பார்த்தா கம்பத்தில தான் போய் முட்டுவீங்கள். ரோட்டைப் பாருங்கோ தம்பி.” கண் போகும் பக்கம் கை தானாகத் திரும்பும். பின்புறம் வலப்பக்கம் நழுவினால் ஸ்டியரிங்கையும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, கார் நேராகத் தொடங்கியதும் நேராக்குங்கள். மோதல் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்தால் பிரேக்கை முழுக்க அழுத்தியபடி, மரத்தையும் எதிரே வரும் காரையும் விட்டுவிட்டுப் பனிக் குவியலைத் தேர்ந்தெடுங்கள்.

புதைந்துவிட்டால், ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்திச் சக்கரத்தைச் சுழற்றாதீர்கள். அடியில் இருக்கும் பனி உருகி ஐஸாகிவிடும். முதலில் இறங்கிப் புகைக்குழாயின் வாயில் பனி அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்திருந்தால் விஷவாயு உள்ளே வரும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தோண்டி, மணலோ பூனைக் கழிவுத் தொட்டிக்கு விற்கும் மண்ணோ தூவுங்கள். சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, தொட்டில் ஆட்டுவது போல வேகம் சேர்த்து வெளியே எடுங்கள்.

பாரி பக்கம் போவதானால்

400ஆம் ஹைவேயில் வடக்கே போகும்போது, டொரன்டோவில் வெயிலடிக்கும், பாரியை நெருங்கும்போது எதிரே எதுவும் தெரியாது. ஜார்ஜியன் விரிகுடாவின் உறையாத நீர்மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டும். 2014 பிப்ரவரி இறுதியில் அந்தப் பகுதியில் அப்படி ஒரு வெண்திரையில் 90க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. கிளம்புமுன், சாலை நிலவரம் சொல்லும் ஒன்டாரியோ 511 சேவையைப் பாருங்கள். மோசம் என்றால் போகாதீர்கள். கல்யாணமானாலும் சரி, ஒருநாள் தள்ளி வாழ்த்தலாம்.

வழியில் திரை விழுந்தால் சட்டென்று நடுச்சாலையில் நிற்க வேண்டாம். படிப்படியாக வேகம் குறைத்து, அடுத்த வெளிவழியில் இறங்கிவிடுங்கள். எரிபொருள் பாதிக்கு மேல் இருக்கட்டும். டிக்கியில் ஒரு சின்ன மண்வெட்டி, போர்வை, கையுறை, தண்ணீர், பிஸ்கட், ஜம்பர் கேபிள், டார்ச், போன் சார்ஜர். எங்காவது மாட்டிக்கொண்டால் காரை விட்டு நடக்காதீர்கள். புகைக்குழாயைச் சுத்தம் செய்து, காற்றடிக்காத பக்கம் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி, மணிக்குப் பத்து நிமிடம் என்ஜினை ஓட்டிச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

இத்தனை நாள் ஓடிய காரின் அடிப்பகுதி முழுக்க உப்பு ஒட்டியிருக்கும், இரும்பைத் தின்னும். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறும் நாளாகப் பார்த்து, அடிப்பக்கமும் கழுவும் இடத்தில் மாதம் ஒருமுறையாவது கழுவுங்கள். கழுவியதும் கதவு ரப்பரைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரவில் உறைந்து கதவு திறக்காது. ஏப்ரலில் காலை வெப்பநிலை தொடர்ந்து 7க்கு மேல் நின்ற பிறகு வின்ட்டர் டயரைக் கழற்றி, எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி அடுக்கி வையுங்கள்.